அண்ணனை வைத்துத் தம்பியை அளக்காதிருக்க: தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு

மலேசியாவில் பீடோங், சுங்கை சிப்புட், பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டங்களை ஒட்டிய பட்டணங்களில், பிள்ளை வகுப்புக்குள் வருவதற்கு முன்பே அவனைப் பற்றிய பேச்சு வந்து உட்கார்ந்துவிடும். "ஓ, அந்த லயத்துப் பையனா? அவன் அண்ணன் ரெண்டு பேரையும் நான்தானே மேய்ச்சேன்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்வார். (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை.) சொல்பவர் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக அதே பள்ளியில் இருப்பவர். சொல்வதில் பாதி உண்மையும் இருக்கும். மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டாத 'குறைந்த மாணவர் பள்ளி'யில் இது இன்னும் மோசம். ஒரே ஆசிரியர் ஒரு வீட்டின் நான்கு பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்திருப்பார்; மூன்றாவது பிள்ளை வரும்போதே நான்காவதற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியாகிவிடும்.

"முன்முடிவு இல்லாமல் பாருங்கள்" என்று பயிலரங்கில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். மனசை அப்படிக் கழுவித் துடைக்க யாராலும் ஆகாது. நம்மால் ஆவது வேறு: முடிவைத் தள்ளிப்போடுவது, போட்ட முடிவை எழுதி வைப்பது, பிறகு எடுத்துச் சரிபார்ப்பது, திருத்தும்போது பெயரை மறைப்பது. எல்லாம் கையால் செய்கிற வேலை. ஒரு நோட்டுப் புத்தகம், காலி மைலோ டின் ஒன்று, வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை ஐஸ்கிரீம் குச்சி. செலவு அவ்வளவுதான்.

2021இல் யூபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு) நீக்கப்பட்ட பிறகு இந்த வேலைக்கு அவசரம் கூடிவிட்டது. அந்தத் தேர்வில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் தாளைத் திருத்தியவருக்கு அந்தப் பிள்ளையின் அண்ணனைத் தெரியாது. இன்று வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 (தாழ்வு) முதல் 6 (உயர்வு) வரை போடுவது பாடம் எடுக்கிற ஆசிரியரேதான். மேல் ஆண்டுகளின் ஆண்டிறுதித் தேர்வையும் பள்ளியிலேயே திருத்துகிறோம். கற்பிப்பவர், கண்டிப்பவர், மதிப்பிடுபவர் மூவரும் ஒரே ஆள்.

முதல் 10 பள்ளி நாள்

1968இல் ரோசன்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்திருப்பீர்கள். கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளி. பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைத்துவிட்டு, சுமார் 20 விழுக்காட்டினரின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, "இவர்கள் இந்த வருஷம் கிடுகிடுவென்று வளரப்போகிறார்கள்" என்றார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுக் குலுக்கி எடுத்த மாதிரி எடுத்தவை. வருஷக் கடைசியில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட மேலே போயிருந்தார்கள், முக்கியமாக முதல் இரண்டு வகுப்புகளில். (ஆசிரியர்களை நம்பவைக்க அந்தச் சோதனையின் பெயரில் ஹார்வர்ட் என்று சேர்த்திருந்தார்கள். பீடோங்கில் ஹார்வர்ட் என்றால் தோட்டம். அங்கே இந்த வித்தை பலித்திருக்காது.)

அந்த ஆய்வின் அளவுமுறையைப் பலர் அப்போதே கடுமையாகக் குறை சொன்னார்கள். மேல் வகுப்புகளில் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துச் சொல்ல வேண்டாம். நமக்கு அதிகம் பயன்படுவது, ராடன்புஷ் என்ற ஆய்வாளர் 1984இல் இந்த வகை ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்துக் கண்டது. ஆசிரியர் பிள்ளையோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்தால், வெளியிலிருந்து வந்த தகவல் அநேகமாக எடுபடவில்லை. பழகும் முன்பே காதில் விழுந்ததுதான் ஒட்டிக்கொள்கிறது.

இதை அப்படியே நாள்காட்டியில் போடுங்கள். புது வகுப்பு கிடைத்ததும் முதல் நாளே படிக்க வேண்டிய தகவல்கள் இவை மட்டும்: ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை போன்ற உடல்நலக் குறிப்பு, கண், காது பற்றிய குறிப்பு, மாற்றுத்திறனாளி அட்டை உண்டா என்பது, பிள்ளையை யார் கூட்டிப்போகலாம், யாரிடம் விடக்கூடாது என்பது. இவற்றைத் தள்ளிப்போட்டால் ஆபத்து. மற்றதெல்லாம், அதாவது போன வருஷ அடைவுநிலை, கட்டொழுங்குப் பதிவு, முன்னாள் வகுப்பாசிரியரின் கருத்து, 11ஆம் பள்ளி நாளில் திறந்தால் போதும். கோப்பை உறையில் போட்டு, மேலே அந்தத் தேதியை எழுதிவிடுங்கள். தேதி எழுதாத உறை மூன்றாம் நாளே திறக்கப்படும்.

ஆசிரியர் அறைப் பேச்சை உறையில் போட முடியாது. அதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "டீச்சர், இப்ப வேணாம். ரெண்டு வாரம் நான் பார்த்துட்டு உங்ககிட்டயே வந்து கேட்கிறேன்." சொன்னபடி போய்க் கேட்கவும் வேண்டும். மூத்த ஆசிரியரிடம் உண்மையிலேயே விஷயம் இருக்கும். கேட்காமல் விட்டால் அது அவமதிப்பு, அடுத்த முறை அவர் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார். போகும்போது பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள். "அவன் எப்படி?" என்றால் பட்டப்பெயர்தான் வரும். "வாசிப்புல எந்த எழுத்துல நின்னான்? எப்படி உட்கார வச்சா வேலை செஞ்சான்?" என்றால் பயனுள்ள பதில் வரும்.

அண்ணனுக்குப் பாடம் எடுத்தவரே நீங்கள் என்றால்? மறக்க முயற்சி செய்து பயனில்லை. முதல் நாள் மாலையே வகுப்புப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக நீங்கள் எதிர்பார்ப்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: 'வாசிப்பு தடுமாறும்', 'கணிதம் நன்றாக வரும்', 'வாயாடி'. நாசூக்கு வேண்டாம், யாரும் பார்க்கப் போவதில்லை. மடித்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். ஆறாம் வாரம் எடுத்து, பலித்ததற்குச் சரி, பலிக்காததற்கு வட்டம். வட்டங்களை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தால் ஒரு சாயல் தெரியும். எல்லா வட்டமும் ஒரே லயத்துப் பிள்ளைகளா? ஒப்பந்தத் தொழிலாளர் பிள்ளைகளா? எல்லாம் பையன்களா? இந்தத் தாளைச் சரியாகச் செய்தவருக்கு வேறு பயிலரங்கு தேவையில்லை. வட்டமே விழவில்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். ஆறு வாரமாக எதிர்பார்த்ததை மட்டுமே பார்த்திருக்கிறீர்களோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

குறிப்பேட்டில் பெயரடைக்கு இடமில்லை

பெரும்பாலான முன்முடிவுகள் நம் கையெழுத்திலேயே உருவாகின்றன. நாள் பாடத்திட்டத்தின் அடியில், பிள்ளையின் கோப்பில், வாட்ஸ்அப்பில் நாம் எழுதும் ஒரு சொல், அடுத்த வருஷம் இன்னொருவருக்கு 'தகவல்' ஆகிவிடுகிறது. ஒரு குறிப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்:

"மாணவர் 14. பாடத்தில் ஆர்வமில்லை. சோம்பேறி. வீட்டில் கவனிப்பு இல்லை."

மூன்று வாக்கியம், மூன்றும் தீர்ப்பு. அதே காலையை இப்படி எழுதலாம்:

"செவ்வாய், கணிதம், 7.50. பெருக்கல் 6 கணக்கு. முதல் 4ஐயும் 10 நிமிடத்தில் செய்தான், 4ம் சரி. பிறகு தலையை மேசைமேல் வைத்தான். 8.10க்கு எழுப்பினேன். மீதி 2இல் 1 சரி. பசியாறினாயா என்றேன், இல்லை என்றான்."

முதல் குறிப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, திட்டலாம். இரண்டாவதைப் படித்தால் அடுத்த வேலை தானாகத் தெரிகிறது: அவன் பெயர் துணை உணவுத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் அந்த உணவைப் பாடம் தொடங்கும் முன்பே கொடுக்க வழியுண்டா என்று மாணவர் நலப் பிரிவில் கேட்பது. பெருக்கல் தெரிகிறது என்பதும் தெரிந்துவிட்டது.

எழுத ஒரு விதி போதும்: தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, எண்ணிக்கை. காமிராவில் விழாத எதையும் எழுதாதீர்கள். 'முறைத்தான்' காமிராவில் விழாது. 'கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தான்' விழும். 'பிடிவாதம்', 'மந்தம்', 'வாய்த்துடுக்கு', 'பரவாயில்லாத பிள்ளை' எல்லாம் அடிபட வேண்டிய சொற்கள். 'எப்போதும்', 'ஒருநாளும்' என்ற சொல் வந்தால் நிறுத்தி எண்ணுங்கள். 'எப்போதும் வீட்டுப்பாடம் கொண்டுவர மாட்டாள்' என்று நினைத்தது எண்ணிப் பார்க்கும்போது இருபதுக்கு நான்காக இருக்கும். நான்கும் திங்கட்கிழமையாக இருந்தால் அது வேறு கதை: சனி ஞாயிறில் அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேளுங்கள்.

நாளுக்கு மூன்று பிள்ளை வீதம் எழுதினால் 24 பேர் வகுப்பு எட்டு நாளில் ஒரு சுற்று முடியும். பட்டியல் வரிசைப்படி போங்கள். 'யாரைப் பற்றி எழுதத் தோன்றுகிறதோ அவர்' என்று விட்டால், குறும்புக்காரர் இருவரும் கெட்டிக்காரர் ஒருவரும்தான் நோட்டை நிரப்புவார்கள். நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேரைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கேள்வி யாருக்குப் போகிறது என்று எண்ணுவது

எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம் என்று எல்லா ஆசிரியரும் நம்புகிறோம். எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. குட், பிராஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970இல் முதலாம் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆசிரியர் உயர்வாக மதித்த பிள்ளை தடுமாறினால் கேள்வியை மாற்றிக் கேட்டு, துப்புக் கொடுத்தார்; குறைவாக மதித்த பிள்ளை தடுமாறினால் சீக்கிரம் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். மேரி பட் ரோ என்பவர் கேள்விக்குப் பிறகு ஆசிரியர் காத்திருக்கும் நேரத்தை அளந்தார்: சராசரி ஒரு விநாடிதான். அதிலும் வகுப்பின் முதல் ஐந்து பேருக்குக் கிட்டத்தட்ட இரண்டு விநாடி, கடைசி ஐந்து பேருக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவருக்குப் பாதி நேரம்! காத்திருப்பை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது.

உங்கள் வகுப்பில் இதை அளக்க 30 நிமிடப் பாடவேளை ஒன்று போதும். இருக்கை வரைபடம் ஒன்று வரைந்து, ஒரு சக ஆசிரியரைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். பிள்ளையின் கட்டத்தில் அவர் போட வேண்டிய குறிகள் நான்கு: கேள்வி கேட்டால் 'கே', மூன்று விநாடி காத்திருந்தால் 'கா', தவறான பதிலுக்குத் துப்புக் கொடுத்தால் 'து', அதட்டினால் 'அ'. ஆள் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் குரலை மட்டும் பதிவு செய்து, மாலையில் நீங்களே எண்ணிவிட்டு அழித்துவிடலாம். முதல் தடவை பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் எல்லாரும் உத்தமராகிவிடுவோம். மூன்று தடவை செய்து மூன்றாவது தாளை மட்டும் நம்புங்கள்.

தாளில் கூட்டலை விடச் சேர்க்கையைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு 'கே' இல்லாமல் 'அ' மட்டும் இருந்தால், அந்தப் பாடவேளையில் அவன் பெயர் கண்டிக்க மட்டுமே பயன்பட்டிருக்கிறது. 'கே' உண்டு, 'து' இல்லை என்றால், கேட்டுவிட்டுக் கைவிட்டிருக்கிறோம். கேட்காமல் விட்டதைவிட இது மோசம்; 'உன்னால் முடியாது' என்பதை வகுப்பு முழுக்கப் பார்க்கிறது.

இதைச் சரிசெய்ய மைலோ டின். ஐஸ்கிரீம் குச்சியில் பெயர் எழுதிப் போட்டு, குலுக்கி எடுங்கள். எடுத்த குச்சியைத் திரும்ப டின்னிலேயே போட வேண்டும். வெளியே வைத்தால், 'என் முறை முடிந்தது' என்று அந்தப் பிள்ளை அடுத்த இருபது நிமிடம் கூரையை எண்ணிக்கொண்டிருக்கும். கேள்வியை முதலில் சொல்லுங்கள், பிறகு குச்சியை எடுங்கள். பெயரை முன்னால் சொன்னால் மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள். மூன்று விநாடியை மனசில் எண்ணினால் வேகமாக எண்ணிவிடுவோம். கையைப் பின்னால் கட்டி, கட்டைவிரலால் மற்ற விரல்களை நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் ஓர் இடத்தில்: வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் குச்சி வந்துவிட, அவன் எழுந்து நின்று அழுகிறான், ஆசிரியர் டின்னைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். அதற்காகத்தான் குச்சி எடுப்பதற்கு முன் 30 விநாடி பக்கத்துப் பிள்ளையோடு பேசவிட வேண்டும். எழுந்தவர் தன் பதிலையும் சொல்லலாம், பக்கத்துப் பிள்ளை சொன்னதையும் சொல்லலாம்.

குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரோஜா, மல்லிகை என்று எவ்வளவு மணமான பெயர் வைத்தாலும் எது 'கடைசிக் குழு' என்று பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்துவிடும். திறனுக்கு ஏற்பக் குழு பிரியுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் கலையுங்கள். வாசிப்பில் பின்தங்கியவன் எடை அளவையில் முன்னால் நிற்கலாம். அவன் அப்பா செம்பனைக் குலையை எடை போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கிலோகிராம் கற்பனைப் பொருள் அல்ல.

பெயரை மூடித் திருத்துதல்

பயிற்சித் தாளில் பெயரைப் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், முன்பக்கம் எண் மட்டும். ஒரு தாளை முழுதாகத் திருத்தி முடித்து அடுத்ததை எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். எல்லாத் தாளிலும் முதல் கேள்வி; தாள்களைக் கலைத்துவிட்டு, எல்லாவற்றிலும் இரண்டாவது கேள்வி. ஒரு கேள்விக்கு நல்ல பதில் எழுதிய தாள் அடுத்த கேள்வியில் சறுக்கினாலும், 'தெரிந்துதான் எழுதியிருக்கும்' என்று பேனா தானாக ஒரு மதிப்பெண் கூட்டும். மோசமாகத் தொடங்கிய தாளுக்கு அதே பேனா தயங்கும். கலைத்துத் திருத்தினால் நேரம் கொஞ்சம் கூடும்; 24 தாளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடுமே என்பது நியாயமான கேள்வி. சிறிய பள்ளியில் நிச்சயம் தெரியும். கட்டுரை மாதிரி, மதிப்பெண் நம் கையில் வளையக்கூடிய தாள்களில் ஐந்தை மட்டும் எடுத்துப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து, அவருடைய ஐந்தை நீங்கள் வாங்குங்கள். நல்லது இரண்டு, நடுத்தரம் ஒன்று, உங்களை எரிச்சலூட்டும் கையெழுத்து இரண்டு. மதிப்பெண் வித்தியாசம் கடைசி இரண்டில் மட்டும் கூடுதலாக இருந்தால், நீங்கள் திருத்தியது கட்டுரையை அல்ல, கையெழுத்தை.

அடைவுநிலை போடும்போது போன வருஷ எண்ணைத் திரையில் திறந்து வைக்காதீர்கள். 2 என்று பார்த்தவர் 3 போடுவார், 5 போட மாட்டார். வேறு வேறு நாளில் பார்த்த இரண்டு ஆதாரங்களாவது குறிப்பேட்டில் இருந்தால் மட்டும் போடுங்கள். ஆதாரம் 4ஐக் காட்டினால் 4தான். 'திடீரென்று ஏறினால் கேள்வி கேட்பார்கள்' என்று பயந்து 3இல் நிறுத்துவது பிள்ளையின் உழைப்பைத் திருடுவது. அறிக்கை வருஷத்துக்கு இரண்டு முறை போகிறது. முதல் அறிக்கையின் எண் இரண்டாவதற்கு அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழிச் சோதனையில் பிள்ளை பேசும்போதே குறியிடுங்கள். மாலையில் நினைவிலிருந்து போட்டால், நீங்கள் போடுவது அன்றைய பேச்சுக்கு அல்ல, அந்தப் பிள்ளையின் பெயருக்கு.

'மந்தம்' என்று சொல்வதற்கு முன்

சோம்பல், மந்தம், அடங்காமை என்று பெயர் பெற்றவற்றில் பாதி உடம்பிலோ மொழியிலோ இருக்கும். வரிசையாகப் பாருங்கள்.

கண். பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவனுக்குத் 'திருட்டு' முத்திரை விழுகிறது. கரும்பலகை தெரியாதவனும் அதைத்தான் செய்வான். மணிலா அட்டையில் காம்பஸ் முனையால் ஒரு சிறு துளை போடுங்கள், ஒரு மில்லிமீட்டர் போதும். பிள்ளையை 6 மீட்டர் தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடி, பலகையில் எழுதிய சிறிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே எழுத்துகளைத் துளை வழியாக. வெறும் கண்ணைவிடத் துளையில் தெளிவாகத் தெரிந்தால் கண்ணாடி தேவைப்பட வாய்ப்பு அதிகம். அடுத்த கண்ணுக்கும் செய்யுங்கள். நோய் கண்டுபிடிப்பது நம் வேலை அல்ல. கிளினிக்குக்கு அனுப்பக் காரணம் கிடைத்தால் போதும். பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டில் பார்த்து 'சரி' என்று எழுதியிருக்கலாம். பார்வை மூன்றாம் ஆண்டில் மாறியிருக்கும்.

காது. பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், சுமார் 60 செண்டிமீட்டரில், நின்று ஒரு காதை அவனையே விரலால் அடைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். மூச்சை விட்டுவிட்டு மெல்லிய குரலில் மூன்று எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தவறினால் வேறு மூன்று. ஆறில் மூன்று கூடச் சரியாக வராவிட்டால் அனுப்புங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளை சில வாரம் கேட்கும், சில வாரம் கேட்காது. 'இஷ்டப்பட்டால் கேட்பான்' என்ற பெயர் அதனால் வருவதுண்டு.

தூக்கம். அம்மா விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) போக வேண்டும் என்றால் பிள்ளையும் அப்போதே எழும். அப்பா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் என்றால் வீட்டின் கடிகாரமே வேறு. பள்ளி வேன் முதலில் ஏற்றுவது தூரத்துத் தோட்டத்துப் பிள்ளையைத்தான். வேன்காரரிடம் கேளுங்கள்: யாரை எத்தனை மணிக்கு ஏற்றுகிறார்? அந்தப் பட்டியலையும், காலையில் தூங்கி வழிகிறவர்கள் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள்.

மொழி. "பசியாறிட்டேன் டீச்சர்", "வூட்ல இருக்கு" என்று பேசும் பிள்ளைக்கு மொழி வளம் இல்லை என்று முடிவு கட்டுவது நம் பள்ளிகளின் பழைய வியாதி. பாடநூல் தமிழ் அவனுக்கு இரண்டாவது தமிழ். முதல் தமிழ் நன்றாகவே இருக்கிறது. மலாய் பாலர் பள்ளியிலிருந்து வந்தவள் தமிழ் வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம். ஓய்வு நேரத்தில் பந்து விளையாடும்போது அவள் எந்த மொழியில், எவ்வளவு பேசுகிறாள் என்று ஐந்து நிமிடம் பாருங்கள். ல, ள, ழ மாறுவதை வைத்து 'டிஸ்லெக்சியா' என்று சொல்லிவிடாதீர்கள்; பேச்சில் பிரியாத ஒலி எழுத்திலும் பிரியாது. நீண்ட நாள் சந்தேகம் என்றால் குறைநீக்கல் ஆசிரியர் பார்க்கட்டும், முடிவு மருத்துவருடையது.

பிறகு தாமதச் சேர்க்கை. பிறப்புப் பத்திரச் சிக்கலால் ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்த பிள்ளை வகுப்பிலேயே உயரமாக இருப்பான். உயரத்தைப் பார்த்து 'இவ்வளவு பெரியவன், இது கூடத் தெரியலையா' என்று வாய் வரும். அவன் இழந்தது ஒரு வருஷப் பாடம் மட்டுமே.

பாவம் பார்ப்பதும் முன்முடிவுதான்

'பாவம், தோட்டத்துப் பிள்ளை, இவ்வளவு எழுதியதே பெரிசு' என்று எளிய கேள்வியாகக் கொடுத்து, குறைந்த பதிலுக்கும் கைதட்டும் ஆசிரியரைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. ஆனால் பிள்ளைக்கு நஷ்டம் அதேதான். 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்தில், பல இடங்களில் ஒரு கொட்டகையும் கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) ஆசிரியருமாக அந்தக் கடமை முடிந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்ற அந்த அளவுகோல், இரக்கம் என்ற வேஷத்தில் இன்னும் நடமாடுகிறது. உதவியைக் கூட்டுங்கள், கேள்வியைக் குறைக்காதீர்கள். படம் கொடுக்கலாம், சொற்பட்டியல் கொடுக்கலாம், நேரம் கூடுதலாகக் கொடுக்கலாம். எட்ட வேண்டிய கற்றல் தரம் எல்லாருக்கும் ஒன்று. பிள்ளை உண்மையிலேயே அடைவுநிலை 1இல் இருந்தால் 1 என்றே எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

நல்ல பெயருக்கும் இதே கணக்கு. ஆசிரியரின் மகள், வகுப்புத் தலைவி, போன வருஷப் பேச்சுப் போட்டி வெற்றியாளர் போன்றோரின் பிழைகள் நம் கண்ணில் படுவதில்லை. கோடிட்டுத் திருத்த வேண்டிய இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்தப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்பது ஐந்தாம் ஆண்டில்தான் தெரியவரும்.

வீட்டுக்கு முதல் அழைப்பு

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் 'என்ன வினை செஞ்சான்' என்று பதறும் வீடுகளே அதிகம். முதல் மூன்று வாரத்துக்குள், ஒவ்வொரு வீட்டுக்கும் குறை ஏதும் சொல்லாத ஓர் அழைப்பு போயிருக்க வேண்டும். காலையில் அழைக்காதீர்கள், பால்மரம் வெட்டுகிறவருக்கு அது வேலை நேரம். மதியம் 2 மணிக்கு மேல் எடுப்பார்கள். ஷிப்ட் வேலை என்றால் எப்போது பேசலாம் என்று குரல் செய்தியில் கேளுங்கள். மலாயில் அச்சடித்த கடிதத்தைவிடத் தமிழில் அரை நிமிடக் குரல் செய்தி வீட்டுக்குள் போய்ச் சேரும்.

பேச்சு இவ்வளவு போதும்: "வணக்கம்மா. மூணாம் ஆண்டு வகுப்பாசிரியர் பேசுறேன். ஒண்ணும் பிரச்சினை இல்லைம்மா. நேத்து கணக்குல எட்டாம் வாய்ப்பாடு யாரும் சொல்லாதப்ப உங்க பையன் சொன்னான், அதச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். அவன் வீட்டுல எதை விரும்பிச் செய்வான்மா?" கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள். மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவான், தங்கச்சிக்குச் சமைத்துக் கொடுப்பான், கோயில் திருவிழாவில் உறுமி அடிப்பான்: வகுப்பில் 'ஒன்றுக்கும் உதவாதவன்' வீட்டில் என்னவாக இருக்கிறான் என்று தெரியவரும். புகழ்ச்சி பொய்யாக இருக்கக்கூடாது. அம்மா அன்று மாலையே பிள்ளையிடம் கேட்பார், அவனுக்கு உண்மை தெரியும்.

அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது

வருஷக் கடைசியில் நீங்களே ஒருவர் காதில் ஓதுகிறவர் ஆகிவிடாமல் இருக்க, ஒரு பிள்ளைக்கு மூன்று வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி: எதைத் தனியாகச் செய்ய முடிகிறது. இரண்டாவது: எங்கே நிற்கிறது, எந்தத் தேதியில் பார்த்தது. மூன்றாவது: எது உதவியது. குடும்பம், லயம், அண்ணன், அக்கா எதுவும் வேண்டாம். உடல்நல, பாதுகாப்புத் தகவல் தனித் தாளில், உறைக்கு வெளியே.

"மாணவர் 14. இரண்டு இலக்கப் பெருக்கலைத் தனியாகச் செய்கிறான். 5 வாக்கியம் சொந்தமாக எழுதுகிறான். கூட்டெழுத்துச் சொற்களில் நின்று நின்று வாசிக்கிறான் (கடைசியாகப் பார்த்தது வருஷக் கடைசி வாரம், 20இல் 11). முதல் வரிசையில் உட்கார்ந்தால், பசியாறிவிட்டு வந்தால், மூன்று விநாடி கொடுத்தால் பதில் சொல்கிறான்."

உறையை ஒட்டி, மேலே '11ஆம் பள்ளி நாளில் திறக்கவும்' என்று எழுதி, அடுத்த ஆசிரியர் கையிலேயே கொடுங்கள். மேசையில் வைத்துவிட்டுப் போனால் யார் வேண்டுமானாலும் பிரிப்பார்கள்.